கட்டுச்சோறும் மலைச்சரிவும்: ஒருநாள் நடைத் திட்டமிடல் குறித்து ஒரு முன்னோடி ஆய்வு

நீலகிரியில் சோலைக்காட்டுக்குள் நுழைந்து, புல்வெளிச் சரிவில் ஏறி, இருட்டுவதற்குள் திரும்பி வந்து பஸ் பிடிக்கும் ஒருநாள் நடையைப் பற்றித் தமிழில் பயணக் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. அவற்றில் மூடுபனி இருக்கும், வரையாடு இருக்கும், குறிஞ்சிப் பூ கட்டாயம் இருக்கும். (ஒரு சரிவில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். இடையில் போய் வந்தவர்களும் அதை எழுதாமல் விட்டதில்லை.) சாப்பாடு மட்டும் இருக்காது. ஆனால் நடையின் வேகம், ஓய்வு, நட்பு மூன்றையும் தீர்மானிப்பது கட்டுச்சோறே என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

முன்னோடிகளில் முதலில் வணங்கத்தக்கவர் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் நெய்ஸ்மித். மலைநடைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட 1892-இல் ஒரு விதி சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், இரண்டாயிரம் அடி ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். நம் அளவில், பத்து கிலோமீட்டர் தூரமும் அறுநூறு மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு மூன்று மணி நேரம் போதும். விதியில் பிழை இல்லை. ஆனால் அவர் புளியோதரை சுமந்தவர் அல்லர். அடிவாரத்தில் "ஒரு டீ அடிச்சிட்டு ஏறலாமே" என்ற குரலையும், ஒவ்வொரு வளைவிலும் "இங்க ஒரு போட்டோ" என்று நிற்கும் மைத்துனரையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. ஆகவே நெய்ஸ்மித் சொன்ன நேரத்தை நம்மவர்களுக்கு இரண்டால் பெருக்கிக்கொள்ளுமாறு முன்மொழிகிறேன். குழுவில் புதுமணத் தம்பதி இருந்தால் மூன்றால்.

அடுத்து எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உள்ளதால் எவர்சில்வர் பாட்டிலின் கனமும் சேரும். நல்ல தடை, முணுமுணுக்காமல் சுமக்க வேண்டியது. தண்ணீராவது குடிக்கக் குடிக்க வியர்வையாகி எடை குறையும். சோறு அப்படி அல்ல. மதியம்வரை முதுகில் இருந்தது, மதியத்துக்கு மேல் வயிற்றில் இருக்கிறது. ஆளையும் பையையும் சேர்த்துத் தராசில் நிறுத்தினால் முன்பும் பின்பும் ஒரே கனம்தான். இதைக் கட்டுச்சோற்று எடை மாறா விதி என்கிறேன். சாப்பிட்ட பிறகு புல்வெளியில் தலை சாயும் அந்த அரைமணித் தூக்கம் இவ்விதியின் நேரடி விளைவு. மலைகளில் பிற்பகலில்தான் மேகம் திரண்டு மழை வரும் என்பதால் அது ஆபத்தான விளைவும்கூட.

களத்தையும் கவனிக்க வேண்டும். மலை மடிப்புகளில் ஈரம் தங்கும் இடத்தில் சோலை, திறந்த சரிவில் புல். டிசம்பர், ஜனவரியில் அந்தச் சரிவுகளில் விழும் உறைபனியைச் சோலை மரக்கன்றுகள் தாங்குவதில்லை. ஆகவே புல்வெளியைக் காடு அழிந்த இடம் என்று எண்ணி மரம் நடப் புறப்பட வேண்டாம். வெள்ளைக்காரர் கொண்டுவந்த சீகை மரங்களை வனத்துறை இன்னும் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. சோறுண்ணப் புல்வெளியே சிறந்தது. மழைக்காலச் சோலையில் இலை போட்டு உட்கார்ந்தால் நாம் உண்பதற்குள் அட்டை நம்மை உண்டு முடித்திருக்கும். கடித்த இடத்தில் ரத்தம் உறையாமல் இருக்கவும் அதனிடம் ஏற்பாடு உண்டு. பந்தியில் இவ்வளவு முன்யோசனையுள்ள விருந்தாளியை நான் கண்டதில்லை.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறரை டிகிரி குறையும். கோயம்புத்தூரைவிட ஊட்டி ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு மீட்டர் உயரம், ஆக பன்னிரண்டு டிகிரி. காந்திபுரம் பஸ் நிலையத்தில் வியர்த்தபடி "ஸ்வெட்டர் எதுக்கு?" என்று கேட்பவர் பிற்பகலில் அடுத்தவருடைய ஸ்வெட்டரில் இருப்பார்.

அனுமதி விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் புல்லில் பற்றிய தீ, நடக்கப் போன பலரின் உயிரைக் கொண்டுபோனது. கோடையில் பாதைகளை மூடுவது அதனால்தான். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் நாற்பது பாதைகள் உண்டு. எளிது, நடுத்தரம், கடினம் என்று வகைபிரித்திருக்கிறார்கள். வழிகாட்டி கூட வருவார். அவர் திரும்பச் சொன்னால் திரும்ப வேண்டும், சோற்று மூட்டை பிரிக்கப்படாமல் இருந்தாலும்.

இனி ஆய்வின் மையச் சிக்கல்: மூட்டையை யார் சுமப்பது? வேகமானவரிடம் கொடுத்தால் அவர் உச்சிக்குப் போய், பிரித்து, ருசியும் பார்த்துவிடுகிறார். மெதுவாக வருபவரிடம் கொடுத்தால் அவர் இன்னும் மெதுவாகிறார். ஆனால் காட்டில் கூட்டம் பிரியக் கூடாது, கடைசி ஆளின் வேகமே எல்லாருடைய வேகமாக இருக்க வேண்டும். அறிவுரையால் இது நடந்ததாகத் தெரியவில்லை. நான் கண்ட தீர்வு இதுதான். தயிர்சாதத்தை வலுவானவரிடம் கொடுங்கள். ஊறுகாய் டப்பாவைக் கடைசியில் வருபவரிடம் கொடுங்கள். கனம் நூறு கிராம்கூட இராது, ஆனால் அவரை விட்டுவிட்டு ஒருவரும் சாப்பிட உட்கார மாட்டார்கள். மாவடுவாக இருந்தால் திரும்பிப்போய்க் கைபிடித்தே அழைத்து வருவார்கள்.