மரத்தடியில் விடை சரிபார்ப்பது எப்படி?

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 முதல்நிலைத் தேர்வு பகல் 12.30-க்கு முடியும் என்று ஹால் டிக்கெட்டில் போட்டிருக்கும். நம்பாதீர்கள். ஏ எத்தனை, பி எத்தனை, 'விடை தெரியாது' என்பதற்கான ஈ எத்தனை என்று எண்ணிக் கட்டங்களை நிரப்பி, இடது கட்டைவிரலில் மையோடு வெளியே வர இன்னும் கால் மணி நேரமாகும். அதற்குப் பிறகுதான் பெரிய தேர்வு தொடங்குகிறது, பள்ளி வளாகத்து வேப்பமரத்தடியில். இதற்குப் பாடத்திட்டம் எதையும் ஆணையம் வெளியிடவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்தக் கையேடு.

முதலில் உங்கள் இனத்தாரைக் கண்டுபிடியுங்கள். 200 கேள்விகளில் 100 மொழிப்பாடம். பொதுத் தமிழா, பொது ஆங்கிலமா என்பது அவரவர் விருப்பம். நீங்கள் ஆங்கிலம் எடுத்தவர் என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்தில் பெரும்பாலோர் தமிழ்க்காரர்கள். நற்றிணையைத் தொகுத்தவர் யார், தொகுப்பித்தவர் யார் என்று அவர்களுக்குள் தனிச் சண்டை நடந்துகொண்டிருக்கும். அதில் தலையிட வேண்டாம். யாரையும் பார்க்காமல், "டிடின்ட் ஹீ... வோன்ட் ஹீ... ஷேல் வீ" என்று உதட்டை அசைத்துக்கொண்டு ஒருவர் நடந்து வருவார். அவர்தான் உங்கள் ஆள்.

அடுத்தது சாட்சியம். வினாத்தொகுப்பை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஆனால் அதில் விடைகளைக் குறிக்கக் கூடாது என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட நம்மவர்கள் அதனால் நகத்தால் கீறி வைப்பார்கள். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் கீறல் தெரியும்; சில நேரம் இரண்டு விடைகளில் தெரியும். அப்படியானால் கவலையை விடுங்கள். மற்றவர்கள் ஒரு முடிவுக்கு வரும்வரை காத்திருந்து, அரை நொடி தாமதித்து, "நானும் அதான் போட்டேன்" என்று சொல்லிவிடலாம். தாமதம் முக்கியம். உடனே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

இனி விவாதம். சொற்பொருள், எதிர்ச்சொல் எல்லாம் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும்; அகராதி என்று ஒன்று இருப்பதால் அவற்றில் சுவை குறைவு. மரத்தடியின் உயிர் சென்டன்ஸ் பேட்டர்ன், அதாவது வாக்கிய அமைப்புக் கேள்விதான். 'ஃபாதர் மேட் மீ எ கைட்' என்றால் எஸ்.வி.ஐ.ஓ.டி.ஓ.; ஆப்ஜெக்ட் இரண்டு. 'ஃபாதர் மேட் மீ எ டாக்டர்' என்றால் எஸ்.வி.ஓ.சி.; ஆப்ஜெக்ட் ஒன்று, காம்ப்ளிமென்ட் ஒன்று. அப்பா செய்த பட்டம் என் கைக்கு வந்தது. டாக்டரோ நானே ஆகிவிட்டேன். வித்தியாசம் இவ்வளவுதான். இதை இப்படி விளக்கி வைத்தீர்களானால் கூட்டம் கலைந்துவிடும். ஆகவே விளக்காதீர்கள். "ரெண்டும் ஒண்ணுதான் ப்ரோ, ஆப்ஜெக்ட் ரெண்டு இருக்குல்ல?" என்று ஆரம்பியுங்கள். இருபது நிமிடத்துக்குப் பஞ்சமில்லை.

காரணம் கேட்டால் காரணம் சொல்லக் கூடாது. நூலைச் சொல்ல வேண்டும். "ரென் அண்ட் மார்ட்டின்ல போட்டிருக்கு." தேர்வு மையத்துக்கு அந்தத் தடிமனான ஆங்கில இலக்கணப் புத்தகத்தை யாரும் தூக்கிவந்திருக்கமாட்டார்கள் என்பதால் இது மறுக்க முடியாத வாதம். அந்த பி.சி. ரென் இலக்கணம் மட்டும் எழுதியவர் அல்ல. 1924-ல் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதிப் புகழ்பெற்றவர். பாலைவனக் கோட்டை ஒன்றில் செத்துப்போன வீரர்களைச் சுவர் இடுக்குகளில் நிமிர்த்தி வைத்து, எல்லாரும் உயிரோடு இருப்பதாக எதிரிக்குக் காட்டுவார்கள் அதில். மரத்தடி வாதத்துக்குத் துணை நிற்க இவரைவிடத் தகுதியான ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

நூலிலும் தீராவிட்டால் வாக்கெடுப்பு. 'ஐ ஆம் லேட்' என்பதற்கு கொஸ்டின் டேக் என்ன? நான்கு பேர் 'ஆமன்ட் ஐ' என்பார்கள். ஓரமாக நிற்கும் ஒரு பெண், "ஆரன்ட் ஐன்னு நினைக்கிறேன் அண்ணா" என்பார். சரியான விடை அதுதான். ஆனால் 'நினைக்கிறேன்' என்று சொன்ன மாத்திரத்தில் அவர் தோற்றுவிட்டார். நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் ஆங்கில இலக்கணம் அங்கேயே திருத்தப்படும். அந்தப் பெண்ணும் வீடு திரும்பும்போது ஒரு கேள்வியைக் குறைத்தே கணக்குப் போடுவார். பாவம், இந்த ஒரு விஷயத்தில்தான் எனக்கு மரத்தடி மீது கோபம்.

பின்னால் ஒருவர் சுவரில் சாய்ந்து நிற்பார். பல குரூப்புகளைக் கண்ட அண்ணன். எந்த விடையையும் ஒப்பிடமாட்டார். "முதல் தடவையா தம்பி? இந்த முறை கட்-ஆஃப் ஏறும்" என்பார். வினாத்தாள் எளிது என்றாலும் ஏறும், கடினம் என்றாலும் ஏறும். "எவ்வளவு வரும்?" என்று அவர் கேட்டால் உண்மை எண்ணிலிருந்து பத்தைக் கழித்துச் சொல்லுங்கள். அவரும் அப்படித்தான் சொல்லுவார். தப்பித் தவறி, "பதினஞ்சு கேள்விக்கு ஈ போட்டேன்" என்று சொல்லிவிடாதீர்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாத தேர்வில், தெரியாததைத் தெரியாது என்று எழுதிக் கொடுத்தவரை எல்லாரும் ஒருமாதிரியாகப் பார்ப்பார்கள். வீட்டில் அம்மா போனில் கேட்டால் மட்டும், "பரவால்லம்மா, பஸ் ஏறிட்டுப் பேசறேன்" போதும்.

சாயங்காலத்துக்குள் பயிற்சி அகாடமிகளின் ஆன்சர் கீ வந்துவிடும். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் இருப்பதுதான் அவற்றின் சிறப்பு. எல்லாவற்றையும் இறக்கி, உங்களுக்கு அதிக மதிப்பெண் தருவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆணையத்தின் உத்தேச விடை வரும். சரியான விடைக்கு நேரே டிக் அடித்திருக்கும். உங்கள் விடையோடு ஒத்துப்போனால் ஆணையம் வாழ்க. ஒத்துப்போகாவிட்டால் ஏழு நாட்களுக்குள் இணையம் வழியாக ஆட்சேபிக்கலாம். தபாலோ மின்னஞ்சலோ எடுபடாது. இறுதி விடையைத் தேர்வு நடைமுறை முழுக்க முடிந்த பிறகே வெளியிடுவார்கள். அதுவரை அப்பா செய்தது பட்டமா டாக்டரா என்று சண்டையை நீட்டிக்கொண்டே போகலாம்.

ஆட்சேபத்துக்கு ஆதாரம் வேண்டும். சுவரில் சாய்ந்த அண்ணன் சொன்னார் என்பது செல்லாது. எனவே ரென் அண்ட் மார்ட்டினை இரவல் வாங்கிப் பக்கம் பக்கமாகத் தேடுங்கள். தேடும்போது எதிராளி சொன்னதே சரி என்று அச்சில் கிடைத்தால், சத்தமில்லாமல் அந்தப் பக்கத்தைத் தாண்டி மேலே போங்கள். கெடு முடிய இன்னும் நான்கு நாள் இருக்கும், வேறு புத்தகம் கிடைக்காமலா போகும்?