ஆண்டறிக்கை ஐயா

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஆசிரியர் ஓய்வறையில் ஒரு பீதி பரவும். லாங் சைஸ் நோட்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தமிழய்யா வாசலில் வந்து நிற்பார். அதுவரை கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தவர்களுக்குத் திருத்தாத விடைத்தாள் கட்டுகள் சட்டென்று ஞாபகம் வரும். ஒருவர் கைப்பேசியைக் காதில் வைத்து "ஹலோ, ஹலோ" என்றபடி வெளியே நழுவுவார். அழைப்பு எதுவும் வந்திருக்காது.

தஞ்சாவூரிலிருந்து தென்காசி வரை எந்த அரசு மேல்நிலைப் பள்ளியில் விசாரித்தாலும் இப்படி ஒருவர் அகப்படுவார். மற்ற மாதங்களில் அவர் யாப்பிலக்கணம் நடத்துகிற சாதுவான மனிதர். ஆண்டு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள் என்று காதில் விழுந்தால் போதும், ஆண்டறிக்கை ஐயாவாகிவிடுவார். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பந்தலுக்கும் மைக்செட்டுக்கும் வசூல் செய்கிற வேலை என் தலையில் விழுந்திருப்பதால், எங்கள் ஊர் ஐயாவைப் பக்கத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது.

ஆண்டறிக்கையை மேடையில் வாசிப்பவர் தலைமை ஆசிரியர். எழுதுபவர் ஐயா. மாறுதல் கலந்தாய்வில் தலைமை ஆசிரியர்கள் வருவார்கள், போவார்கள். அறிக்கையின் நடை மட்டும் அசையாது. வேதியியல் படித்தவரானாலும் வரலாறு படித்தவரானாலும் அன்று ஒரு நாள், "கல்விக் கடலில் கலங்கரை விளக்கமாய்த் திகழும் நம் பள்ளி" என்றுதான் ஆரம்பித்தாக வேண்டும். எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க மூன்று பஸ் மாற வேண்டும்.

அவர் செய்தி திரட்டும் அழகை ஒரு நாள் ஓய்வறையில் உட்கார்ந்து பார்த்தேன். அன்று மாட்டிக்கொண்டவர் அறிவியல் ஆசிரியர்.

"சார், உங்க சுற்றுச்சூழல் மன்றத்துல இந்த வருஷம் என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலீங்கய்யா."

"மரக்கன்று நட்டீங்களே?"

"நட்டோம். மறுநாளே ஆடு தின்னுடுச்சு."

"எத்தனை நட்டீங்க?"

"இருபத்தஞ்சு. இருபத்தஞ்சையும் தின்னுடுச்சுங்கய்யா."

"அது நம்ம பள்ளிக்கூடத்து ஆடா?"

"இல்லீங்க, வெளி ஆடு."

"அப்ப அது நம்ம அறிக்கையில வராது."

நோட்டில் ஏறிவிட்டது: "25 மரக்கன்றுகள் நடப்பட்டுப் பள்ளி வளாகம் பசுமை பெற்றது."

ஐயா பொய் எழுதமாட்டார். இதை அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். வளாகம் பசுமை பெற்றதா, பெற்றது. எத்தனை மணி நேரம் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு உண்மையை எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்பதில்தான் அவருடைய வித்தை இருக்கிறது. அவர் கைபட்டால் ஒரு பிடி உளுந்து அண்டா நிறைய மாவு காணும்.

மன்றங்கள் விஷயத்திலும் அப்படித்தான். ஜே.ஆர்.சி., சாரணர், பசுமைப் படை, நாட்டு நலப்பணித் திட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி உண்டு. எல்லாவற்றிலும் இருப்பது அதே பிள்ளைகள். காலையில் கழுத்தில் ஸ்கார்ஃப், சாயங்காலம் தலையில் தொப்பி. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் பக்கத்துக் கிராமத்தில் நடந்தது. கோயில் வளாகத்தைப் பெருக்கினார்கள், பேரணி போனார்கள், தினமும் மத்தியானம் சாம்பார் சாதம். "கிராம மக்கள் பெரும்பயன் அடைந்தனர்" என்றது அறிக்கை. சாம்பார் சாதத்தில் ஊரே பங்கு வாங்கிக்கொண்டது என்பதால் அதிலும் பொய் இல்லை.

விளையாட்டுக்கு வருவோம். நம் மாநிலத்தில் பள்ளி விளையாட்டுக்கு ஒரு ஏணி உண்டு. முதல் படி குறுவட்டம், அடுத்தது வருவாய் மாவட்டம், அதற்கும் மேலே மாநிலம். எங்கள் பெண்கள் கோ-கோ அணி குறுவட்டத்தில் இரண்டாம் இடம். ஐயா அதைப் பெரிய எழுத்தில் எழுதத் தொடங்கியபோது பி.டி. சாருக்குக் கூச்சம் தாங்கவில்லை.

"ஐயா, வந்ததே ரெண்டு டீம்தான்."

"எத்தனை டீம் வரணும்னு நாமளா சொன்னோம்? வராத பள்ளியெல்லாம் நமக்குப் பின்னாலதானே நிக்குது?"

பி.டி. சார் யோசித்துப் பார்த்தார். அப்படிப் பார்த்தால் மூன்றாம் இடத்தில் ஏகப்பட்ட பள்ளிகள் இருந்தன.

உலக நடப்பையும் உள்ளூர் நடப்பையும் ஒரே வாக்கியத்தில் உட்கார வைப்பது ஐயாவின் இன்னொரு கைவரிசை. 2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. அந்தச் சமயம் பள்ளிகளிலும் செஸ் போட்டிகள் நடத்தினார்கள். அந்த வருஷ அறிக்கையில், "உலகின் கண்கள் மாமல்லபுரத்தின் மீது நிலைத்திருந்த அதே வேளையில் நம் பள்ளியிலும் காய்கள் நகர்த்தப்பட்டன" என்று இருந்தது. எங்களிடம் இருந்தவை நாலு பலகைகள். ஒன்றில் ராணிக்குப் பதிலாக ஒரு சாக்பீஸ் நின்றது. ஆட்டம் முடிவதற்குள் யாரோ அதை எடுத்துக் கரும்பலகையில் தேதி எழுதிவிட்டார்கள்.

கலைத் திருவிழாவும் அதே கல்வியாண்டில்தான் தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம் என்று ஏறி மாநிலத்தில் வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம் கொடுத்தார்கள். எங்கள் பையன் ஒருவன் பறையடித்து வட்டாரத்தில் முதலாவதாக வந்தான், மாவட்டத்தில் நின்றுவிட்டான். நல்ல கை அவனுக்கு, இது அறிக்கைக்காகச் சொல்வதல்ல. ஐயா, "கலையரசன் பட்டத்துக்கு வெகு அருகில் சென்று திரும்பினான்" என்று எழுதினார். வெகு அருகில் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். "பட்டம் குடுத்த ஊருக்கு நம்ம ஊர்லேருந்து நேர் பஸ் இருக்குல்ல?" என்றார்.

தேர்வு முடிவுகளில்தான் ஐயாவுக்கு ஒரு பழைய துக்கம் உண்டு. மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் அரசு நிறுத்தியது. பிள்ளைகளின் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியது என்றார்கள், எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனால் ஐயாவின் கையிலிருந்து ஒரு பக்கம் போய்விட்டது. இரண்டே வருஷத்தில் பிளஸ் டூ மொத்த மதிப்பெண் 1200இலிருந்து 600 ஆனது இரண்டாவது அடி. "ஆயிரத்து நூற்று ஐம்பது என்று மைக்கில் சொன்னால் பந்தக்கால் அதிரும், ஐந்நூற்று எழுபத்தைந்துக்கு என்ன அதிரும்?" என்று கேட்பார். இரண்டும் ஒரே விழுக்காடுதான் என்று கணக்கு டீச்சர் சொல்லிப் பார்த்தார். விழுக்காட்டுக்கு ஓசை கிடையாது என்பது ஐயாவின் பதில்.

மனிதர் சோர்ந்து உட்காரவில்லை. "பள்ளி அளவில் முதலிடம்" என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டார். தமிழ்நாட்டில் எந்தப் பள்ளியும் இதுவரை கோட்டைவிடாத இடம் அது ஒன்றுதான். 2025இல் பிளஸ் டூவில் மாநிலத் தேர்ச்சி 95.03 விழுக்காடு. எங்களுடையது அதற்குக் கொஞ்சம் கீழே. "மாநிலச் சராசரியை எட்டிப் பிடிக்கும் தொலைவில்" என்று ஐயா முடித்துக்கொண்டார். ஆண்டு விழா பொதுத்தேர்வுக்கு முன்னால் வருவதால் அறிக்கையில் வாசிக்கப்படுவது எப்போதும் போன வருஷத்து மதிப்பெண்தான். பாராட்டப்படுகிறவர்கள் எங்கோ கல்லூரியில் இருப்பார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து அவர்களுக்குக் கைதட்டுகிறவர்களுக்குச் சில வாரத்தில் தேர்வு. அந்தக் கைதட்டலில் உற்சாகத்தை எதிர்பார்க்கக் கூடாது.

உளுந்தே தேவைப்படாத இடமும் ஒன்று உண்டு. எட்டாம் வகுப்பில் எழுதுகிற என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் அது பெரிய பணம். எங்கள் பள்ளியில் மூன்று பேர் தேறினார்கள். அப்படியே சொன்னாலே பெருமைதான். ஐயா விடுவாரா? பன்னிரண்டால் பெருக்கி, நான்கால் பெருக்கி, மூன்றால் பெருக்கி, "1,44,000 ரூபாய் ஈட்டிய பள்ளி" என்று தலைப்புப் போட்டார். செய்தி எப்படியோ கடைவீதிக்குப் போய்விட்டது. பந்தலுக்கு வசூல் கேட்கப் போன என்னை மளிகைக்கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார். "ஒன்றரை லட்சம் சம்பாதிச்ச பள்ளிக்கூடத்துக்கு நான் எதுக்குங்க ஐந்நூறு தரணும்?"

ஐயாவின் பேனா கஞ்சத்தனம் பிடிக்கிற இடம் ஒன்றே ஒன்று. "இடைநிற்றல்: இல்லை." அவ்வளவுதான் எழுதியிருந்தது. பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு வரவில்லை. மாப்பிள்ளை பார்த்தாயிற்று என்று பிள்ளைகள் சொன்னார்கள். பள்ளி விட்டதும் ஐயாவும் கணக்கு டீச்சரும் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார்கள். முதல் நாள் குடிக்கத் தண்ணீர்கூட வரவில்லை. 1098 என்று குழந்தைகளுக்கான உதவி எண் ஒன்று இருப்பதை டீச்சர் நினைவூட்டினார். தமக்குச் சாயங்காலங்களில் வேறு வேலை இல்லை என்பதை ஐயா நினைவூட்டினார். மறுநாளும் போனார்கள், அதற்கு மறுநாளும். போன இடத்தில் ஐயா சும்மா இருக்கவில்லை. அந்தப் பெண்ணின் தம்பிக்குத் திருக்குறள் ஒப்பிக்கச் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் அந்த அப்பாவே, "தினமும் ஐயா வர்றதுக்கு இவ பள்ளிக்கூடம் போறதே தேவலை" என்று அனுப்பிவைத்துவிட்டார்.

ஆடு தின்ற கன்றுக்கு அரைப் பக்கம் கொடுத்தவர் இதற்கு ஏன் ஒரு வரி எழுதவில்லை என்று கேட்டேன்.

"அந்தப் பிள்ளையும் கூட்டத்துல உக்காந்திருக்குமேங்க" என்றார். உடனே, "கோ-கோவுக்கு 'மயிரிழையில்'னு போடலாமா, 'நூலிழையில்'னு போடலாமா?" என்றார். நூலிழை என்று முடிவாயிற்று.

ஆண்டு விழா ஐந்து மணிக்கு என்று அழைப்பிதழ் சொன்னது. சிறப்பு விருந்தினர் ஏழு மணிக்கு வந்தார். அதற்குள் கரகாட்டக் குழுவின் ரோஸ் பவுடர் கழுத்து வரை வழிந்துவிட்டது. வாடகைக்கு எடுத்த பாவாடைகளை ஊக்குகள்தான் தாங்கிப் பிடித்திருந்தன. அம்மாக்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடு உட்கார்ந்திருந்தார்கள்: நம்ம பிள்ளை எத்தனையாவது ஆட்டம்? தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடைகள் எல்லாம் முடிந்து எச்.எம். மேடம் அறிக்கையைக் கையில் எடுத்தபோது, அதன் கனத்தைப் பார்த்த ஒரு அம்மா மடியில் இருந்த குழந்தையைத் தூங்கவைக்கத் தொடங்கினார். இருபத்திரண்டு பக்கம்.

ஐயா மேடையில் இல்லை. மேடைக்குப் பக்கவாட்டில், ஜெனரேட்டருக்கும் பரிசு எவர்சில்வர் தட்டுகளுக்கும் நடுவில், கையில் ஒரு நகலோடு நின்றார். மேலே மேடம் வாய் அசைந்தது; கீழே ஐயா வாய் அசைந்தது. காற்புள்ளிக்கு இருவரும் சேர்ந்தே மூச்சு விட்டார்கள். நான்காம் பக்கம் முடிகிற நேரம் விருந்தினரின் உதவியாளர் மேடையேறி மேடத்தின் காதில் ஏதோ சொன்னார். அடுத்த ஊரில் ஒரு காதுகுத்து, அதற்கும் அவர்தான் தலைமை.

மேடம் இயற்பியல் படித்தவர், சுருக்கமாகச் செய்யத் தெரிந்தவர். பக்கங்களை மொத்தமாகப் புரட்டினார். முகாம் போயிற்று, மரக்கன்று போயிற்று, 1,44,000 போயிற்று. நான்காம் பக்கத்தின் கடைசி வரியும் இருபத்திரண்டாம் பக்கத்தின் முதல் வரியும் மைக்கில் ஒன்றாகச் சேர்ந்தன: "கோ-கோ போட்டியில் நம் மாணவியர் நூலிழையில் நன்றி கூறி அமைகிறேன்." பந்தல் அதிரக் கைதட்டினார்கள். அன்றைக்கு அதற்கு முன்னாலோ பின்னாலோ அப்படி ஒரு கைதட்டல் இல்லை.

விருந்தினர் பேச எழுந்தார். அறிக்கையில் அவர் காதில் விழுந்தது கடைசி வரி ஒன்றுதான். "கோ-கோ ஆட்டத்தில் தமிழ்நாட்டிலேயே இரண்டாம் இடம் பிடித்திருக்கும் இந்தப் பள்ளியின் வீராங்கனைகளுக்கு" என்று ஆரம்பித்தார். தமிழ்நாடு எப்படி வந்தது என்று தெரியவில்லை. இரண்டாம் இடத்தைப் பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லியிருக்க வேண்டும். பி.டி. சார் தூணுக்குப் பின்னால் போனார். வீராங்கனைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, நிலைமையைப் புரிந்துகொண்டு, எழுந்து கும்பிட்டார்கள்.

ஐயா ஜெனரேட்டரைச் சுற்றிக்கொண்டு வேகமாக என்னிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது. பதினேழு பக்கம் போனபோதுகூட அப்படிச் சிவக்கவில்லை.

"என்னங்க இது, மேடையில ஏறி நின்னுக்கிட்டு இப்படிப் பொய் சொல்றாரு?"

"போய்த் திருத்திச் சொல்லிடுங்களேன்" என்றேன்.

இரண்டடி நடந்தார், நின்றார். கக்கத்திலிருந்து நோட்டை எடுத்து, அடுத்த வருஷத்துக்கென்று ஒதுக்கியிருந்த புதுப் பக்கத்தைப் பிரித்து, தட்டு அடுக்கின்மேல் வைத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன்.

"நம் பள்ளியின் கோ-கோ அணியைச் சிறப்பு விருந்தினர் வெகுவாகப் பாராட்டிப் பேசினார்."