பனிமூட்டத்துக்கு எத்தனை பிட்?

ஹாபு வாசகர்: கேமரன் மலையின் போ தேயிலைத் தோட்டத்தில், லயத்துக்கு முன்னால் கொழுந்துக் கூடையோடு பாட்டி நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் மங்கிவிட்டது. பெரிதாக அச்சடித்து மாட்ட ஆசை. ஸ்கேனர் 8 பிட்டா, 16 பிட்டா என்று கேட்கிறது. 8 போதும் என்கிறான் மகன்.

பதில்: ரஸல் என்பவர் 1929-ல் தொடங்கிய தோட்டம் அது. இத்தனை காலம் காத்திருந்த பாட்டிக்கு ஸ்கேனர் கூடுதலாகச் சில நொடிகள் ஓடுவது பெரிதா? 16-ஐ அழுத்துங்கள்.

கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே 8 பிட்டில் 256 படிகள். 16 பிட்டில் 65,536. நல்ல படத்தை அப்படியே அச்சடிக்க 256 தாராளம். உங்கள் படமோ மங்கியது. கறுப்பும் சாம்பல், வெள்ளையும் சாம்பல். 100 முதல் 180 வரை, வெறும் 80 படிகளுக்குள் பாட்டியின் மொத்த வாழ்வும் அடங்கிக் கிடக்கும். அதைப் பளிச்சென்று விரித்தால் 80 படிகள் 256 இடங்களில் தள்ளித் தள்ளி நிற்கும். 16 பிட்டில் அதே இடைவெளிக்குள் ஏறத்தாழ 20,000 படிகள். எவ்வளவு விரித்தாலும் ஓட்டை தெரியாது.

தேயிலைச் செடிகளில் இந்த ஓட்டை ஒளிந்துகொள்ளும். பின்னால் மலையை மூடிய பனிமூட்டம்தான் காட்டிக்கொடுக்கும்: மெல்ல வெளுக்க வேண்டிய இடம் பட்டை பட்டையாக வெளுக்கும். பழைய படத்தின் மணித்துகள் இதை ஓரளவு மறைக்கும். ‘சுத்தம் செய்கிறேன்’ என்று மகன் அதையும் மென்பொருளால் வழித்தெடுத்தால், சுவரில் பாட்டிக்குப் பின்னால் படிக்கட்டு!

தானா ராத்தா வாசகி: எல்லாவற்றையும் 8 பிட்டில் ஸ்கேன் செய்து முடித்துவிட்டேன். இப்போது 16-ஆக மாற்றிக்கொண்டால்?

பதில்: தே தாரிக்கை எத்தனை முறை இழுத்து ஆற்றினாலும் நுரைதான் கூடும், தேயிலை கூடாது. இனிமேல் செய்யும் திருத்தங்களில் சேதம் குறையும் என்பது மட்டுமே லாபம். மங்கிய படங்களை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள், மற்றவற்றை விட்டுவிடலாம்.

ரிங்லெட் வாசகர்: என் ஸ்கேனரில் 48 பிட் இருக்கிறதே!

பதில்: மூன்று நிறத்துக்கும் தலா 16. அவ்வளவுதான், பக்கத்து வீட்டில் பெருமை பேச வேண்டாம்.

பிரிஞ்சாங் வாசகர்: 16 பிட் டிஃப் கோப்பைக் கொடுத்தால், ஜேபெக் கொண்டு வா என்று படக்கடைக்காரர் விரட்டுகிறார்.

பதில்: விரட்டட்டும், நியாயம் அவர் பக்கம். வழக்கமான ஜேபெக்கில் 8 பிட்தான் உண்டு. அச்சுக்கு அது போதும். திருத்தமெல்லாம் முடிந்தபின் ஒரு நகலை 8-க்கு இறக்கிக் கொடுங்கள்.

அதே வாசகர்: அச்சடித்தபின் அந்த டிஃப்பை அழித்துவிடலாமா? வட்டு நிரம்புகிறது.

பதில்: அழிக்காதீர்கள். 1885-ல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைக் கண்டார்; ஆனால் வரைபடத்தில் ஒழுங்காகக் குறிக்காமல் போனார். 1925-க்குப் பிறகுதான் மலைவாசத்தலப் பேச்சே சூடுபிடித்தது. உங்கள் பேரனை அப்படி அலையவிட வேண்டாம். 4-க்கு 6 அங்குலக் கறுப்பு வெள்ளைப் படம் 600 டிபிஐ-யில் 16 பிட் என்றாலும் 17 மெகாபைட்தான். வட்டை நிரப்புவது அதுவல்ல. உங்கள் வாட்ஸ்அப் காலை வணக்கங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.