பூஞ்சை நஞ்சை யார்மேல் சோதிப்பது?

கேள்வி: பூசணம் பிடித்த வேர்க்கடலை மனிதனை என்ன செய்யும் என்று ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? யாருக்காவது தின்னக் கொடுத்தா?

பதில்: ஆளே வேண்டாம், அவருடைய கல்லீரல் செல்கள் போதும்! தட்டிலுள்ள சின்னஞ்சிறு குழிகளில் செல்களை வளர்த்து, குழிக்குக் குழி அளவை ஏற்றி, அந்தப் பூசணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை விடுவார்கள். ஓரிரு நாள் கழித்து ஒரு மஞ்சள் சாயம். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். செத்த செல்லால் முடியாது. ஊதா எங்கே வெளுக்கிறதோ அங்கே சாவு அதிகம்.

ஆனால் இந்த நஞ்சின் பி1 வகை பொல்லாதது. நஞ்சை முறிக்க வேண்டிய கல்லீரல் நொதிகளே அதை டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ளும் பொருளாக மாற்றிவிடுகின்றன. காவல்காரனே திருடனுக்குக் கத்தி தீட்டிக் கொடுக்கிற கதை! ஆய்வகங்களில் பரவலாகப் புழங்கும் ஹெப்ஜி2 என்ற கல்லீரல் செல்களில் இந்த நொதிகள் குறைவு. அவை பிழைத்துக்கொண்டன என்பதற்காக "பயமில்லை" என்று எழுதிவிடக் கூடாது. நொதி வளமுள்ள செல்களிலும் பார்த்தே ஆகவேண்டும்.

1960இல் இங்கிலாந்தில் நஞ்சேறிய கடலைப் பிண்ணாக்கால் லட்சம் வான்கோழிகள் மடிந்த பிறகுதான் உலகம் விழித்தது. 1974இல் ராஜஸ்தான், குஜராத்தில் பூசண மக்காச்சோளம் நூறு பேருக்கு மேல் பலிகொண்டது.

வறுத்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது. சுருங்கிய, நிறம் மாறிய பருப்பைப் பொறுக்கி எறியுங்கள். தயவுசெய்து கோழிக்கும் போடாதீர்கள்.