காஞ்சியே, உன் பெருமையே பெருமை!

முக்தி தரும் நகரங்கள் ஏழில் தென்னாட்டுக்கு வாய்த்தவள் நீ ஒருத்திதான். அந்தத் தகுதிக்கு ஏற்ற மனமும் உனக்கு உண்டு. சிவனுக்குப் பெரிய காஞ்சி, பெருமாளுக்குச் சின்ன காஞ்சி, சமணருக்குத் திருப்பருத்திக்குன்றம் என்று, வந்தவருக்கெல்லாம் தனித்தனியே பாகம் பிரித்துக் கொடுத்த தாராளம் வேறு யாருக்கு வரும்!

உன் திறமையை முதலில் அறிந்தவன் உன் மன்னன் மகேந்திரவர்மன். 7-ஆம் நூற்றாண்டில் அவன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ உன் தெருவில்தான் நடக்கிறது. காணாமற்போன கபாலத்துக்காகக் காபாலிகனும் பௌத்தத் துறவியும் மல்லுக்கு நிற்கிறார்கள். தூக்கிப் போனதோ ஒரு நாய். ஊரார் சிரித்துவிட்டுப் போனார்கள். நீ மட்டும் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டு இன்றுவரை பயின்று வருகிறாய்.

அதே நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங், நூறு பௌத்த மடங்களையும் பத்தாயிரம் துறவிகளையும் பற்றி எழுதிவைத்தார். அவற்றுள் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் ஊரைத் துப்புரவாக்கிக்கொண்டாய். உன்னை வென்ற சாளுக்கிய விக்கிரமாதித்தன், கைலாசநாதர் கோயில் செல்வத்தைத் திருப்பித் தந்ததாகக் கல்லில் வெட்டிவிட்டுப் போனான். பகைவனுக்கு இருந்த அந்த விட்டுக்கொடுக்கும் பலவீனம் உன் பிள்ளைகளிடம் இல்லை.

வரதராசப் பெருமாள் கோயிலில் உன் புகழ் உச்சிக்கே ஏறியது. வைணவத்தின் இரு பிரிவுகளான வடகலைக்கும் தென்கலைக்கும் ஆழ்வார்கள் அதே பன்னிருவர்; இராமாநுசர் ஒருவரே; நாலாயிரமும் ஒன்றே. இத்தனை ஒற்றுமைக்குள் சண்டையைக் கண்டெடுக்க எவ்வளவு கூர்மையான அறிவு வேண்டும்! பாராயணத்தின் முன்னே சொல்லும் துதி மணவாள மாமுனிகளின் தனியனா, வேதாந்த தேசிகரின் தனியனா? நாமத்துக்குப் பாதம் உண்டா, இல்லையா? 1882-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பாராயண உரிமை, 2022-இலும் அதே நீதிமன்றத்தின் படியேறியது. அத்தி வரதர்கூட நாற்பது ஆண்டு குளத்தில் பள்ளிகொள்கிறார். உன் வழக்குக்கு உறக்கமே இல்லை.

அந்தப் பெருமாள் மனம்விட்டுப் பேசியது, ஆலவட்டம் வீசிய திருக்கச்சி நம்பியோடு என்கிறது குருபரம்பரை. அவர் அந்தணர் அல்லர். இராமாநுசருக்காக அவர் கேட்டு வந்தவை ஆறு வார்த்தைகள். எந்தக் கலை முன்வரிசையில் நிற்பது என்ற செய்தி அந்த ஆறில் இல்லை. பெருமாள் மறந்ததை நினைவூட்டத்தான் நீ வழக்கறிஞர் வைத்தாய் போலும்.

இந்தச் சண்டையில் உனக்கு நிகர் எருசலேம்தான். கிறித்தவப் பிரிவுகள் பங்கு போட்டுக்கொண்ட திருக்கல்லறைத் தேவாலயத்தின் சாவி அங்கே முஸ்லிம் குடும்பத்தாரிடம் இருக்கிறது.

தாயே, உன் பக்கத்துச் சீமைகளிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கிறோம். பால்மரம் வெட்டிய எம் முன்னோர் தகரக் கூரை போட்டுக் கும்பிட்ட மாரியம்மன் கோயில்களுக்கும் உன் அருள் வந்து சேர்ந்துவிட்டது. தோட்டம் கைமாறினால் கோயில் நிற்க நிலப்பட்டா வேண்டும். நாங்களோ யார் தலைவர் என்று இரண்டு அணியாகி, சங்கப் பதிவிலாகாவுக்குப் புகார் எழுதுகிறோம்.

பேராக் தமிழர்களே, காஞ்சியைக் கையெடுத்துக் கும்பிடுவோம். அவள் வழக்கை இறக்குமதி செய்ய வேண்டாம். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் பதவியைப் பேசுமுன் பட்டாவைப் பேசுங்கள்.