தட்டுக்கடியில் சில டாலர்

1993-ல் ஹூஸ்டனுக்கு வேலையாகப் போன எங்களுக்கு, முன்பே அங்கே குடியேறியிருந்த நண்பர்கள் முதலில் சொல்லிக்கொடுத்த கணக்கு, பில்லில் இருக்கும் வரியை இரட்டித்து டிப்ஸ் வை என்பதுதான். விற்பனை வரி 8.25 சதவீதம், இரட்டித்தால் 16.5, பதினைந்து வைத்தாலே மரியாதை என்றிருந்த அந்த நாளில் அது தாராளம். ஒரு டாலர் என்றால் முப்பத்தொரு ரூபாய் என்று மனசு ஓயாமல் பெருக்கிக்கொண்டிருந்த வயசு அது. ஆனாலும், விடிகாலையில் டைனரில் போய் உட்கார்ந்ததும் கோப்பை காலியாகக் காலியாகக் கேட்காமலே காபி ஊற்றி, "இன்னும் என்னப்பா வேணும்?" என்கிற தோரணையில் விசாரித்துப் போகும் அந்த நரைமுடி அம்மாளுக்காக, கசங்கிய டாலர் நோட்டுகளை நீவி, ஓரம் தெரியும்படி தட்டுக்கடியில் செருகிவிட்டு எழுந்திருப்பதில் ஒரு சுகம் இருந்தது. உங்களில் பலருக்கும் அது தெரிந்திருக்கும்.

இப்போது அதே ஊரில், நின்றபடியே வாங்கிப்போகும் காபிக்கு, அது கைக்கு வருமுன்பே கவுண்டர் பையன் திரையை நம் பக்கம் திருப்புகிறான்: 18, 20, 25. 'டிப்ஸ் வேண்டாம்' என்பது கீழே பொடி எழுத்தில். முதுகுக்குப் பின்னால் வரிசை. பெருக்கல் வேலை மிச்சம்தான். ஆனால் யாருக்குக் கொடுக்கிறோம், எதற்குக் கொடுக்கிறோம் என்பதும் கூடவே போய்விட்டது.

திரைமேல் வந்த கோபத்தில், மகனைப் பார்க்கப் போகும் நம்மவர்கள் சிலர் "எங்கேயும் வைக்க மாட்டேன்" என்று கிளம்புவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. டெக்சாஸில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து தரவேண்டிய மணிக்கூலி 2.13 டாலர். மத்திய அரசு 1991-ல் வைத்த தொகை, இன்றும் அதேதான். டிப்ஸையும் சேர்த்து 7.25 தேறாவிட்டால் மிச்சத்தை முதலாளி போடவேண்டும் என்கிறது சட்டம். அதற்குமேல் அந்தக் குடும்பம் பார்க்கும் காசெல்லாம் நம் மேஜையிலிருந்து போவது.

கவுண்டரில் தயங்காமல் 'வேண்டாம்' அழுத்துங்கள். உட்கார்ந்து சாப்பிட்டால் இருபது சதவீதம், முடிந்தால் நோட்டாக. ஹோட்டல் அறையைச் சுத்தம் செய்பவருக்கு, கிளம்பும் நாளில் மொத்தமாக வைக்காமல் தினமும் காலையில் வையுங்கள். நேற்று படுக்கை விரித்தவர் இன்று வேறு மாடியில் இருக்கலாம்.