பத்து கஜமும் ஒன்பது கஜமும்

‘அஜிலிட்டி கொஞ்சம் கம்மியா இருக்கு சார், ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க’ என்று மகளின் கபடி கோச் சொன்னபோது, ‘வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா?’ என்று கேட்டேன். என் வயதில் டெஸ்ட் என்றால் சர்க்கரையும் கொழுப்பும்தான். கோச் என் தொந்தியை ஒருமுறை பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் விளக்கினார்.

சட்டென்று திசை மாற்றும் சுறுசுறுப்பை அளக்கும் சோதனை; டி-டெஸ்ட் என்று பெயர். ‘T’ எழுத்தின் வடிவில் ஓட வேண்டும். நேராக ஓடி நடுக் கோனைத் தொட்டு, பக்கவாட்டில் நண்டு நடையாக இடப்புறம் போய் ஒரு கோன், அப்படியே வலப்புற மூலைக்குப் போய் ஒரு கோன், திரும்ப நடுவுக்கு, அங்கிருந்து முதுகு காட்டிப் பின்னோக்கியே ஓடிக் கிளம்பிய இடத்துக்கு. முகம் எப்போதும் முன்னால்தான் இருக்க வேண்டும். பக்கவாட்டில் போகும்போது கால் மேல் கால் போட்டால் ஆட்டம் செல்லாது. வீட்டில் நான் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தாலும் இதே தீர்ப்புதான்.

அமெரிக்கச் சரக்கு என்பதால் அளவெல்லாம் கஜம். நீளம் 10 கஜம், அதாவது 9.14 மீட்டர், உச்சியில் இரு பக்கமும் ஐந்தைந்து கஜம். வீட்டில் இருந்ததோ தையல் மிஷினோடு வந்த ஐந்தடி டேப். மொட்டைமாடிக் கொடியில் என் அம்மாவின் ஒன்பது கஜப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்துத் தரையில் விரித்து, தலைப்புக்கு அப்பால் மூன்றடி சேர்த்தால் கணக்கு கச்சிதம். கோனுக்குக் காலி பெயின்ட் டப்பாக்கள். விஞ்ஞானம் தொடங்குவதற்குள் அம்மா மாடியேறி வந்துவிட்டார். ‘மடியா உலர்த்தினதைத் தொட்டுட்டயேடா! இனிமே மறுபடி நனைச்சுப் போடணும்.’ நனைத்தது நான்தான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பின்னோக்கி ஓடிவருபவர் விழுந்துவிடாமல் பிடிக்க, முடிவுக் கோட்டுக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்க வேண்டுமாம். குடும்பத் தலைவருக்கு இதைவிடப் பொருத்தமான பதவி உண்டா? ஆனால் ஸ்டாப்வாட்ச்சும் என் கையில்தான். மகள் முதுகைக் காட்டிக்கொண்டு பாய்ந்து வருகிறாள். பட்டனை அழுத்துவதா, பிள்ளையைப் பிடிப்பதா? பிள்ளையைத்தான் பிடித்தேன். அவளுடைய நேரம் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் மனைவியை வாட்ச்சுக்கு அமர்த்தினோம். அவள் வந்ததும் விசாரணைக் கமிஷனே நடந்தது. கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச் நேரத்தைப் பெரும்பாலும் குறைவாகத்தான் காட்டும்: கிளம்புவதைக் கண்டு கட்டைவிரல் அசையத் தாமதமாகும், முடிவதையோ எதிர்பார்த்தே காத்திருப்போம். ஓட்டப்பந்தயத்தில் 100 மீட்டருக்கு 0.24 வினாடி கூட்டி மின்னணு நேரத்தோடு ஒப்பிடுவது வழக்கம். என் கையில் மட்டும் நேரம் ஏன் நிற்காமல் கூடிக்கொண்டே போனது என்பதை மனைவி விளக்கவில்லை. என் கட்டைவிரலை மட்டும் பார்த்தாள்.

எதிர்வீட்டுப் பையன் போன வருஷம் எத்தனை வினாடியில் முடித்தான் என்று விசாரித்து வைத்திருந்தேன். கோச் அதைக் காதிலேயே வாங்கவில்லை. அவன் ஓடியது புல்தரை, இவள் ஓடுவது சிமென்ட். ஷூ வேறு, வயசு வேறு. மேலும் 12, 13 வயசில் உயரம் விறுவிறுவென்று ஏறும்போது கைகால் முதலில் நீண்டுவிடும், உடம்பு அதற்குப் பழகச் சில மாதங்கள் ஆகலாம். அப்போது நேரம் கொஞ்சம் கூடினால் பதற வேண்டாம் என்றார். எனக்கு நேரம் கூடுவதற்கு அகலம்தான் காரணமா என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

ஓடுவது சுலபம், நிற்பதுதான் வித்தை என்று எனக்குப் புரிந்தது நானே ஓடிப் பார்த்தபோதுதான். முழங்காலை மடித்து, இடுப்பை இறக்கி, கடைசி அடிகளைக் குறுக்கிப் பிரேக் பிடித்தால்தான் திசை மாறும். நான் திரும்புவது கல்யாண மண்டப வாசலில் வேன் திருப்புவது மாதிரி. பக்கத்தில் ஒருவர் ‘வரலாம், வரலாம்’ சொல்ல வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் இது பாதிப் பரீட்சைதானாம். எந்த டப்பா எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்து ஓடுவது திசைமாற்றம் மட்டுமே. எதிரில் நடப்பதைக் கண்டு அந்தக் கணமே உடம்பைத் திருப்பினால்தான் அது அஜிலிட்டி என்று 2006-லேயே ஷெப்பர்ட், யங் என்ற ஆய்வாளர்கள் வரையறுத்துவிட்டார்கள். கபடியில் டப்பா காலைப் பிடிக்காது, ஆள்தான் பிடிப்பார். ஆகவே எதிரில் ஒரு ஆள் வேண்டும்.

நான் போய் நின்றேன். வலது கையை நீட்டிவிட்டு இடப்பக்கம் பாய்ந்தேன். மகள் நிதானமாகச் சரியான பக்கமே வந்து என்னைத் தொட்டுவிட்டுப் போனாள். மறுபடியும் அதே கதை.

‘கையைப் பார்த்தா ஏமாந்துடுவோம், இடுப்பைப் பாருன்னு கோச் சொல்லியிருக்கார்ப்பா. உங்க வயிறு முன்னாடியே கிளம்பிடுது.’

ஓரமாக உட்கார்ந்து புடவைக்குக் காவல் இருந்த அம்மா எழுந்து வந்து, ‘நகரு’ என்று என் இடத்தில் நின்றார். முழங்கால் வலியால் அவர் எப்போது எந்தப் பக்கம் சாய்ந்து நடப்பார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. இடப்பக்கம் சாய்ந்தார், வலப்பக்கம் ஓரடி வைத்தார். மகள் எதிர்த்திசையில் பாய்ந்து டப்பாவை உருட்டினாள்.

‘என்னடி, ஃபெயிலா?’ என்றார் அம்மா.

இப்போது சாயங்காலப் பயிற்சிக்கு அவர்தான் எதிராளி. மடி கலையாத தூரத்தில் நின்றுகொள்வார். மகள் அவரைத் தொட்டால் ஆட்டம் செல்லாது. என்னைப் பழையபடி கோட்டுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார்கள், வாட்ச் இல்லாமல்.